எங்களிடம் எதிர்பாருங்கள், ஆனால் வாயைத் திறந்து சொல்லுங்கள்

கடந்த பொங்கலன்று எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. கடற்கரையில் சூரியன் உதிக்கிறது. மேலே பெரிய எழுத்தில் ஓர் அறிவுரை: யாரிடமும் எதையும் எதிர்பார்க்காமல் வாழப் பழகினால் மனம் நிம்மதியாக இருக்குமாம். அனுப்பியவர் என் பெரியம்மா. ஐந்து நிமிடத்துக்குள் 11 பேர் கைகூப்பியிருந்தார்கள்.

அதே பெரியம்மாதான் முதல் கிழமை அம்மாவுக்குக் கோல் எடுத்து முக்கால் மணித்தியாலம் அழுதவர். மருமகள் பொங்கலுக்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. "நான் அவளிட்ட ஒண்டும் எதிர்பார்க்கேல்லை. ஆனா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தானே?"

சிரித்தேன். பிறகு என் பழைய இன்ஸ்டகிராம் பதிவுகளைத் தற்செயலாகப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. 19 வயதில் நானும் அதே அறிவுரையை ஆங்கிலத்தில் போட்டிருக்கிறேன். சூரியனுக்குப் பதிலாகக் கோப்பிக் கோப்பை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தப் பதிவு அந்தப் படத்துக்கு எதிரானது. பெரியம்மா அனுப்பியதற்கும் எதிரானது, நான் போட்டதற்கும் எதிரானது. எதிர்பார்ப்பு ஒரு நோய் என்று இரண்டு தலைமுறையும் இரண்டு மொழியில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அது நோய் இல்லை. நெஞ்சு நிறைய எதிர்பார்த்துக்கொண்டு "நான் ஒண்டும் எதிர்பார்க்கேல்லை" என்று சொல்வதுதான் நோய். எங்கள் வீடுகளில் சொல்லப்படுகிற பொய்களிலேயே பெரிய பொய் அதுதான் என்று நினைக்கிறேன்.

"உன்ர விருப்பம்"

யாழ்ப்பாணத் தமிழ் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. "உன்ர விருப்பம்" என்றால் உன் விருப்பம் என்று அர்த்தமில்லை. "எனக்கு இதில் விருப்பமில்லை, ஆனால் அதை நான் சொல்லமாட்டேன், நீயாகக் கண்டுபிடி, கண்டுபிடிக்காவிட்டால் அது உன் குற்றம்" என்று அர்த்தம். இரண்டு சொல்லுக்குள் இத்தனையும் அடங்கும்.

2019இல் எனக்கு ஒட்டாவாவில் வேலை கிடைத்தது. வயது 23. ஸ்காபரோவில் இருந்து ஏறக்குறைய 450 கிலோமீற்றர். கலியாணம் கட்டாமல் தனியாக வீடு எடுத்து இருக்கப்போகிறேன். அப்பாவிடம் சொன்னேன். செய்தி பார்த்துக்கொண்டிருந்தவர் ரீவியின் சத்தத்தைக் குறைத்தார். "உன்ர விருப்பம், பிள்ளை." சத்தத்தைத் திரும்பக் கூட்டினார்.

அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அது சம்மதம் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பது எனக்கு வசதியாக இருந்தது. இங்கே வளர்ந்த எங்களுக்கு இது ஒரு கள்ள வாசல். வேண்டிய நேரத்தில் அவர்கள் மனதில் உள்ளது எல்லாம் எங்களுக்கு விளங்கும். வேண்டாத நேரத்தில் அவர்கள் வாயால் சொன்னது மட்டும்தான் விளங்கும்.

அதற்குப் பிறகு அப்பா என்னோடு வானிலை மட்டும் கதைத்தார். "அங்க சினோ எப்பிடி? சாப்பிட்டியே? காருக்கு விண்டர் ரயர் போட்டாச்சோ? சரி, அம்மாட்டக் குடுக்கிறன்." மூன்று வருடம் இப்படி ஓடியது. நான் இதைச் சமாதானம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2022 ஒக்ரோபரில் ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரம், குழுவில் ஒரு படம் வந்தது. அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கிறார். கீழே மாமி எழுதியிருந்தார், ஒப்பரேசன் நல்லபடி முடிந்துவிட்டது என்று. முழங்கால் மாற்றியிருக்கிறார்கள். ஒரு வருடத்துக்கு மேல் காத்திருப்புப் பட்டியலில் இருந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது மாமியின் மகன். எனக்கு ஒன்றும் தெரியாது. வேலையிடத்துக் கழிப்பறைக்குள் நின்று அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு அப்பாவுக்குக் கோல் எடுத்தேன்.

"ஏன் அப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"உனக்கு அங்க வேலை. ஏன் வீணாக் கரைச்சல்? நாங்கள் உன்னட்ட ஒண்டும் எதிர்பார்க்கேல்லை."

"ஒரு வருசமாத் தெரியும், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தானே?"

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு சொன்னார்: "நீ ஒருநாளும் கால் எப்பிடி எண்டு கேக்கேல்லையே பிள்ளை."

நான் கேட்பேன் என்று அவர் காத்திருந்திருக்கிறார். ஏதாவது என்றால் அவர் சொல்வார் என்று நான் இருந்திருக்கிறேன். ஒவ்வொரு கிழமையும் அந்த ஃபோனில் வானிலை கதைத்தோமே, அப்போதெல்லாம் அவருக்குக் கால் நொந்துகொண்டிருந்திருக்கிறது. இது எதிர்பார்ப்பு இல்லாத உறவு என்று யாராவது சொல்லுங்கள் பார்ப்போம். இரண்டு பக்கமும் நிரம்பி வழிந்திருக்கிறது. ஒருவரும் சொல்லவில்லை.

எதிர்பார்ப்பே இல்லாவிட்டால் நிம்மதியா?

அந்தப் படத்தில் உள்ள அறிவுரை உண்மை என்று வைத்துக்கொள்வோம். யாரும் உங்களிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. எப்படி இருக்கும்? அதை அனுபவித்த ஒருவரை எனக்குத் தெரியும். பெரியம்மாவின் மூத்த மகன், என் அண்ணா. (பெரியம்மாவிடமும் அவரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இல்லாவிட்டால் இந்தப் பதிவுக்கே அர்த்தமில்லை.)

அண்ணா 12 வயதில் கனடாவுக்கு வந்தவர். ஊரில் கணக்கில் வகுப்பிலே முதலாம் பிள்ளை. இங்கே ஒன்பதாம் வகுப்புக்குப் போகும்போது பாடம் தெரிவுசெய்து கொடுக்கிற ஆசிரியை அவரை 'அப்ளைட்' கணக்கு வகுப்பில் போட்டார். அப்போது ஒன்ராறியோவில் ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். 'அக்கடமிக்' வகுப்புகள் யூனிவர்சிற்றிப் பக்கம் போகும், 'அப்ளைட்' வகுப்புகள் பெரும்பாலும் கொலிஜ் பக்கமும் வேலைப் பக்கமும் போகும். இந்தப் பிரிவைக் கணக்குப் பாடத்தில் 2021இலும் மற்றப் பாடங்களில் 2022இலும்தான் எடுத்தார்கள்.

அந்த ஆசிரியை கெட்டவர் இல்லை. நல்ல சிரித்த முகம். பிள்ளை புது நாட்டுக்கு வந்திருக்கிறான், அவனுக்குச் சுமை வைக்கவேண்டாம் என்று நினைத்திருக்கிறார். பெரியம்மாவும் "ரீச்சருக்குத் தெரியும்தானே" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். ஊரில் இரண்டு வருடத்துக்கு முதலே செய்து முடித்த கணக்குகளை அண்ணா திரும்பச் செய்துகொண்டிருந்தார். பிறகு அதையும் செய்யவில்லை. செய்யாவிட்டாலும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது அவருக்கு நல்ல வேலை, வீடு, இரண்டு பிள்ளைகள். சுற்றி வளைத்து வந்து சேர்ந்துவிட்டார். ஆனால் அந்த வருடத்தைப் பற்றிக் கேட்டால் இன்றைக்கும் குரல் மாறும். "அடிச்சிருந்தாலும் மறந்திருப்பன். என்னட்ட ஒருத்தரும் ஒண்டும் எதிர்பார்க்கேல்லை. அதைத்தான் மறக்கேலாமல் கிடக்கு."

1968இல் ரொபேர்ட் ரொசந்தால், லெனோர் ஜேக்கப்சன் என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். கலிபோர்னியாவில் ஓர் ஆரம்பப் பள்ளியில் நடத்திய பரிசோதனை பற்றியது. ஐந்தில் ஒரு பங்கு பிள்ளைகளின் பெயரைக் கொடுத்து, "இவர்கள் இந்த வருடம் நன்றாக முன்னேறுவார்கள் என்று சோதனை காட்டுகிறது" என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். உண்மையில் அந்தப் பெயர்களைக் குலுக்கல் மாதிரித்தான் எடுத்திருந்தார்கள். வருட முடிவில், முதலாம் இரண்டாம் வகுப்புகளில் அந்தப் பெயருக்குரிய பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். மேல் வகுப்புகளில் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. விளைவு எவ்வளவு பெரியது என்று ஆய்வாளர்கள் பல வருடமாகச் சண்டை பிடித்திருக்கிறார்கள். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. ஆனால் ஒரு பெரிய ஆள் உங்களைப் பார்த்து "உன்னால் ஏலும்" என்று நம்பிக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதுவும் எதிர்பார்ப்புத்தான்.

டொக்டர், எஞ்சினியர் பாட்டுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அந்த எதிர்பார்ப்பு என்னைப் பார்த்து வருவதில்லை, கலியாண வீட்டு மண்டபத்தில் பக்கத்து மேசையில் இருக்கிறவரைப் பார்த்து வருகிறது. அங்கே நான் ஒரு பதில் மட்டும்தான்: "மகள் என்ன செய்யிறா?" என்ற கேள்விக்கான பதில். என்னைத் தெரிந்து வருகிற எதிர்பார்ப்பு வேறு, சபைக்காக வருகிற எதிர்பார்ப்பு வேறு. இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் இரண்டையும் ஒன்றாகத் தூக்கி எறிகிறோம். அதுதான் எங்கள் பிழை.

இனி எங்கள் பக்கம்

பெற்றோரைக் குறை சொல்லிவிட்டுப் போவது சுகம். கைதட்டும் கிடைக்கும். ஆனால் எங்களிடமும் அதே பொய் புது உடுப்புப் போட்டுக்கொண்டு இருக்கிறது. "அது என்னுடைய பவுண்டரி." "எனக்கு அந்தப் பிரஷர் வேண்டாம்." "நான் யாருக்கும் ஒன்றும் கடமைப்பட்டவள் இல்லை."

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அடிக்கிற வீட்டில், மிரட்டுகிற வீட்டில், பாஸ்போட்டைப் பூட்டி வைக்கிற வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தச் சொற்கள் உயிர் காக்கிற சொற்கள். அவர்கள் இந்தப் பதிவை மூடிவிட்டு உதவி தேடுங்கள். நான் கதைப்பது மற்றவர்களோடு, என்னைப் போன்றவர்களோடு. எங்களுக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. சங்கடம் மட்டும்தான் இருந்தது. சங்கடத்தைத் தவிர்க்க அந்தப் பெரிய சொற்களைக் கடன் வாங்கினோம்.

ஒட்டாவாவில் எனக்கு ஒருவரோடு இரண்டு வருடம் பழக்கம் இருந்தது. முதல் நாளே சொன்னேன், "நான் உன்னிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை, நீயும் எதிர்பார்க்காதே, சுலபமாக இருப்போம்." எவ்வளவு முதிர்ச்சியாகக் கதைக்கிறேன் என்று எனக்கே பெருமை. பிறகு என் பிறந்தநாளை அவர் மறந்தபோது மூன்று நாள் மெசேஜுக்குப் பதில் போடவில்லை. எனக்குக் கோவிட் வந்து படுத்திருந்தபோது அவர் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கித் தரவில்லை என்று உள்ளுக்குள் கொதித்தேன். கேட்டாரே, "ஏதாவது வேணுமா?" என்று. "ஒன்றும் வேண்டாம்" என்றேன். கடைசியில் உறவு உடைந்தது. அவர் செய்த பெரிய குற்றம் நான் சொன்னதை நம்பியது.

அவர் போன பிறகு ஒரு இரவு எனக்குப் பட்டது: "ஒன்றும் வேண்டாம்" என்று நான் சொன்ன அந்தக் குரல் அப்பாவின் குரல். நான் என்ன மொழியில் கதைத்தால் என்ன, நான் அவருடைய மகள்.

சொல்லித்தான் தெரியவேண்டுமா?

இதற்கு எங்கள் வீடுகளில் ஒரு பதில் தயாராக இருக்கிறது: "இதெல்லாம் சொல்லித்தான் தெரியோணுமே?" சொல்லாமல் விளங்கிக்கொள்வதுதான் அன்பு என்று. திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் உண்டு, 71ஆவது ஒன்று, 110ஆவது ஒன்று. முகத்தைப் பார்த்தே மனதை அறிகிற திறமையை எங்கள் மரபு பெரிதாக மதித்திருக்கிறது. நானும் மதிக்கிறேன்.

ஆனால் குறிப்பை அறிய முதலில் முகத்தைப் பார்க்கவேண்டும். எங்களில் எத்தனை பேர் அப்பாவின் முகத்தைப் பார்த்து வளர்ந்தோம்? என் அப்பா 17 வருடம் இரவு வேலை. நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது அவர் வெளிக்கிடுவார். அவர் வரும்போது நான் நித்திரை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சந்திப்போம், அன்றைக்கும் அவருக்கு நித்திரை தூங்கும். அதோடு, அவர் குறிப்புக் காட்டப் பழகியது வேறு ஊரில். அங்கே ஒரு செருமல், ஒரு பெருமூச்சு, சாப்பிடாமல் எழும்பிப் போவது, இதெல்லாம் முழு வசனம். எனக்கு அது சத்தம் மட்டும்தான். குறிப்பறிதல் ஒரே முற்றத்தில் வளர்ந்தவர்களுக்கு இடையில் நடக்கிற விசயம். நாங்கள் ஒரே வீட்டில், ஆனால் இரண்டு நாட்டில் வளர்ந்தோம். எங்களுக்கு வாய் வேண்டும்.

இன்னொரு பதிலும் வரும்: "சொன்னால் அது பாரமாகிவிடும், அன்பு கணக்காகிவிடும்." நான் நேர்மாறாகச் சொல்கிறேன். சொல்லப்பட்ட எதிர்பார்ப்புக்கு "முடியாது" என்று பதில் சொல்லலாம். "இவ்வளவு ஏலாது, இவ்வளவு செய்கிறேன்" என்று பேரம் பேசலாம். சொல்லாத எதிர்பார்ப்புக்கு முடியாது என்று சொல்லவே முடியாது. அது கேட்கப்படவே இல்லையே! நீங்கள் மறுக்காமலே மறுத்தவர் ஆகிறீர்கள், தெரியாமலே குற்றவாளி ஆகிறீர்கள். எனக்குத் தெரிந்த பாரங்களில் மிகப் பெரியது அதுதான்.

கடன் என்ற சொல்

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நான் எரிச்சலோடு பாடமாக்கிய ஒரு பாட்டு இப்போது அடிக்கடி ஞாபகம் வருகிறது. புறநானூற்றில் 312ஆவது, பொன்முடியார் பாடியது. ஒரு தாய் கதைக்கிறாள். யார் யாருக்கு என்ன கடன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறாள். பெற்று வளர்ப்பது தன் கடன் என்று தன்னில் தொடங்குகிறாள். பிறகு தகப்பனின் கடன், வேல் செய்து கொடுக்கிற கொல்லனின் கடன், நல்ல நடத்தையைக் கொடுக்கிற அரசனின் கடன். போருக்குப் போகிற மகனின் கடன் ஐந்தாவதாக, கடைசியாகத்தான் வருகிறது.

அது போர்க்காலத்துப் பாட்டு. பிள்ளையைப் போருக்கு அனுப்புகிற பாட்டைப் படிக்க எங்கள் சனத்துக்குக் கொஞ்சம் நெஞ்சு வலிக்கும். எனக்கும் வலிக்கும். நான் எடுத்துக்கொள்வது அதன் ஒழுங்கை மட்டும். அங்கே எதிர்பார்ப்பு ஒளித்து வைக்கப்படவில்லை. சபையில் சத்தமாகச் சொல்லப்படுகிறது. மற்றவரின் கடனைச் சொல்ல முதல் தன் கடனைச் சொல்கிறாள். பிள்ளையின் தலையில் மட்டும் வைக்கவில்லை, ஊருக்கும் அரசனுக்கும் பங்கு வைக்கிறாள்.

கடன் என்றால் அங்கே கடமை. இன்றைக்கு எங்களுக்குக் கடன் என்றால் வங்கியில் எடுப்பது. காலைக்கடன், இறுதிக்கடன் போன்ற சொற்களில் மட்டும் பழைய அர்த்தம் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. கடமையாக இருந்தது எப்போது எங்கள் வீடுகளில் வட்டியோடு திருப்பிக் கட்டவேண்டிய காசாக மாறியது? யாரும் அதைச் சொல்லாமல் விட்ட அன்றைக்கு என்றுதான் நான் நினைக்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், காசு விசயத்தில் எங்கள் சனத்துக்கு எதிர்பார்ப்பை மிக வடிவாகச் சொல்லத் தெரியும். சீட்டைப் பாருங்கள். 20 பேர், மாதம் 500 டொலர், சீட்டு 10,000. அவசரம் உள்ளவர் 1,500 கழிவு விட்டு முந்தி எடுக்கிறார். அந்தக் கழிவு மற்றவர்களுக்குப் பிரிகிறது. யார் எந்த மாதம் எடுத்தார், யார் இன்னும் கட்டவில்லை எல்லாம் கொப்பியில் இருக்கிறது. முறிந்த சீட்டுகளும் உண்டு, அதனால் கதைபேச்சு இல்லாமல் போன குடும்பங்களும் உண்டு. ஆனாலும் வங்கி கடன் கொடுக்காத காலத்தில் எத்தனையோ பேர் ஊரில் இருந்தவர்களைக் கூப்பிட்டதும், கடை போட்டதும், வீட்டுக்கு முற்பணம் கட்டியதும் சீட்டுக் காசில்தான். எதனால் நடந்தது? "உங்கட விருப்பம், ஏலுமானதைத் தாங்கோ" என்று யாரும் சீட்டு நடத்துவதில்லை. நடத்தினால் அடுத்த மாதமே முறியும்.

குடும்பத்தை மட்டும் அப்படி நடத்துகிறோம்.

சீட்டுக் கொப்பியின் கடைசிப் பக்கம்

2022 கிறிஸ்மஸ் விடுமுறைக்கு ஸ்காபரோ போனேன். அப்பா ஊன்றுகோலோடு குசினி மேசைக்கு வந்து உட்கார்ந்தார். அம்மாவின் சீட்டுக் கொப்பியை எடுத்தேன், கடைசிப் பக்கத்தில் நடுவில் ஒரு கோடு போட்டேன். "நீங்கள் என்னட்ட என்ன எதிர்பார்க்கிறீங்கள் எண்டு சொல்லுங்கோ. நானும் சொல்லுறன்."

"இதென்ன கோடோ?" என்றார் அப்பா.

"ஒண்டும் எதிர்பார்க்கேல்லை" என்றார் பிறகு. நான் எழும்பவில்லை. இரண்டாம் முறை கேட்டேன், அதே பதில். மூன்றாம் முறை அம்மா சொன்னா, "சொல்லுங்கோவன், அவள் கேக்கிறாள்தானே. எனக்குச் சொல்லுறதை அவளுக்குச் சொல்லுங்கோ."

முதலாவது, ஞாயிற்றுக்கிழமை கோல் எடுக்கும்போது அம்மாவிடம் கொடு என்று சொல்லாமல் தன்னோடு கதைக்கவேண்டும். (அவர்தான் கொடுக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். நான்தான் கேட்கிறேன் என்று அவர் நினைத்திருந்தார்.) இரண்டாவது, பெரிய முடிவு எடுக்க முதல் சொல்லவேண்டும். "அனுமதி கேக்க வேண்டாம். முடிவெடுத்துப்போட்டு வந்து சொல்லாதை, அவ்வளவுதான்."

மூன்றாவதைச் சொல்ல நேரம் எடுத்தார். தேத்தண்ணி ஆறிவிட்டது. "எனக்கு ஆம்பிளைப் பிள்ளை இல்லை. என்ர கடைசிக் காரியம் நீதான் செய்யோணும். கொள்ளி நீ வைக்கோணும். உன்ர பெரியப்பான்ர பெடியனைக் கேக்கவேண்டாம். இங்க பொத்தானை அமத்திறதுதானே, அது உனக்கு ஏலும்."

எத்தனை வருடமாக அதை வைத்துக்கொண்டிருந்தார் என்று தெரியாது. பெண் பிள்ளை வைக்கலாமா, சனம் என்ன சொல்லும், நான் ஓம் என்பேனா, எல்லாவற்றையும் தனக்குள்ளேயே கேட்டுத் தனக்குள்ளேயே பதில் சொல்லியிருக்கிறார். நான் டொக்டராக வரவில்லை என்பதுதான் அவருடைய மனக்குறை என்று நான் இத்தனை காலம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பட்டியலில் டொக்டரே இல்லை.

அன்றைக்குத்தான் இன்னொன்றும் சொன்னார். 1989இல் 24 வயதில் இங்கே வந்து உணவகத்தில் கோப்பை கழுவியபோது, இரண்டு தங்கச்சிமாரையும் கட்டிக் கொடுக்கவேண்டும் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லையாம். கேட்காமலே செய்தார். செய்து முடித்ததும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. "கேட்டிருந்தா சந்தோசமாச் செய்திருப்பன்" என்றார். அதையும் அன்றைக்குத்தான் முதல்தரம் சொல்லியிருக்கவேண்டும், அம்மாவே அவரை நிமிர்ந்து பார்த்தா.

என் பக்கத்தில் நாலு எழுதினேன். வருத்தம் என்றால் எனக்கு முதலில் சொல்லவேண்டும். மாமியின் மகளோடு என்னை ஒப்பிடக்கூடாது. ஒட்டாவாவுக்கு வந்து என் வீட்டில் ஒரு இரவாவது தங்கவேண்டும். என்னைக் கேட்காமல் என் குறிப்பை யாருக்கும் கொடுக்கக்கூடாது.

முதல் மூன்றுக்கும் அப்பா ஓம் என்றார். நாலாவது அம்மாவின் இலாகா. அம்மா மறுத்துவிட்டா. "குடுக்கிறதை நிப்பாட்டமாட்டன். வேணுமெண்டால் உனக்குச் சொல்லிப்போட்டுக் குடுக்கிறன்." இன்றைக்கும் அதில் எங்களுக்குச் சண்டைதான். ஆனால் எதற்குச் சண்டை பிடிக்கிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். முன்பு அது தெரியாமல் சண்டை பிடித்தோம்.

இதை வாசிக்கிற உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எதிர்பார்ப்பைத் துறக்கச் சொல்கிற படங்களை நம்பாதீர்கள். உங்களிடம் எதையும் எதிர்பார்க்காதவர்கள் பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவர்கள். இந்தக் கிழமை வீட்டில் ஒருவரிடம் கேளுங்கள்: "என்னட்ட என்ன எதிர்பார்க்கிறீங்கள்?" ஒன்றுமில்லை என்றுதான் முதலில் வரும். எழும்பிவிடாதீர்கள். எனக்கு மூன்று தரம் கேட்கவேண்டி இருந்தது. பதில் வந்ததும் எல்லாவற்றுக்கும் ஓம் சொல்லத் தேவையில்லை. ஏலாததை ஏலாது என்று அந்த இடத்திலேயே சொல்லுங்கள். பிறகு உங்களுடையதைச் சொல்லுங்கள். அதுதான் கஷ்டமான பாதி. எங்கள் தலைமுறை அடிக்கடி தவறவிடுகிற பாதியும் அதுதான்.

போன ஞாயிறு அப்பா கோல் எடுத்தார். குளிருக்குக் கால் நோகிறது என்று நான் கேட்காமலே சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அடுத்தமுறை வரேக்க அங்க சந்தையில விக்கிற அந்த மேப்பிள் சிரப் ஒரு போத்தல் வாங்கிக்கொண்டு வா" என்றார். எனக்குத் தெரிந்து அவர் என்னிடம் வாய் திறந்து கேட்ட முதல் பொருள்.

"உங்களுக்குச் சீனி வருத்தம் இருக்கு, அப்பா. வாங்கமாட்டன்."

"சரி, சின்னப் போத்தல்."

பேரம் நடக்கிறது.